சுவருக்கு அந்தப்புறம் என்ன இருக்கிறது?

கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளி வெடி விபத்துகள் கற்றுத் தந்த பாடம்

அன்று சனிக்கிழமை. 2023ம் ஆண்டு ஜூலை மாதம் 29ந் தேதி.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் காலை நேர வியாபாரம் நடந்து கொண்டிருந்தது. ஓட்டலில் இட்லி வெந்தது. கடைகள் திறந்து இருந்தன. தெருவில் ஆட்கள் போய் வந்து கொண்டிருந்தார்கள்.

திடீர் என்று பெரிய சத்தம் கேட்டது. நிலம் அதிர்ந்தது. புகை வானத்தை மறைத்தது. பட்டாசு வைத்திருந்த கிடங்கு வெடித்துச் சிதறிவிட்டது. பக்கத்தில் இருந்த ஓட்டல் கட்டடம் இடிந்து தரைமட்டம் ஆயிற்று. சுற்றி இருந்த கடைகளும் வீடுகளும் சேதம் அடைந்தன.

9 பேர் மாண்டு போனார்கள். பலர் படுகாயத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்டார்கள்.

பட்டாசு வியாபாரியும், அவருடைய பிள்ளைகள் இருவரும் இறந்தார்கள். அது ஒரு துயரம். ஆனால் இன்னொரு துயரமும் உண்டு. பட்டாசுக்கும் தங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள் இறந்தார்கள். பக்கத்து ஓட்டலை நடத்திய பெண் இறந்தார். அக்கம் பக்கத்தில் தம் வேலையைப் பார்த்துக் கொண்டு இருந்தவர்கள் இறந்தார்கள்.

அவர்கள் செய்த தவறு என்ன? ஒன்றும் இல்லை. சுவருக்கு அந்தப்புறம் இருந்த பொருள் அவர்கள் உயிரைக் குடித்துவிட்டது.

70 நாளில் இன்னொன்று

கிருஷ்ணகிரிக்காரர்கள் சிந்திய கண்ணீர் காயவில்லை. சரியாக 70 நாள் ஆயிற்று. 2023 அக்டோபர் 7ந் தேதி. அன்றும் சனிக்கிழமைதான்.

ஓசூரைத் தாண்டி பெங்களூர் ரோட்டில் போனால், 10 கிலோமீட்டருக்குள் அத்திப்பள்ளி வந்துவிடும். அது கர்நாடக மாநிலம், ஆனேக்கல் தாலுகாவைச் சேர்ந்த ஊர். தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்தது. அங்கே ஒரு பட்டாசுக் கடையின் கிடங்கில் சரக்கு இறக்கிக் கொண்டிருந்தார்கள். பிற்பகல் நேரம். பெட்டிகள் தீப்பிடித்தன. வெளியே நின்றவர்கள் ஓடினார்கள். உள்ளே இருந்தவர்களால் வெளியே வர முடியவில்லை.

அன்றே 14 பேர் கருகி இறந்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்களில் சிலர் பிறகு இறந்தார்கள்.

இறந்தவர்கள் யார்? பெரும்பாலோர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். தர்மபுரி மாவட்டத்தில் இருந்தும், கள்ளக்குறிச்சி போன்ற மாவட்டங்களில் இருந்தும் தீபாவளி வேலைக்குப் போனவர்கள். பலருக்கு 20 வயதை ஒட்டித்தான் இருக்கும். படித்துக் கொண்டே லீவு நாளில் நாலு காசு சம்பாதிக்கப் போனவர்களும் உண்டு. தர்மபுரி மாவட்டத்தில் அம்மாபேட்டை என்ற ஒரே கிராமத்துக்குப் பல பிணங்கள் ஒன்றாக வந்து சேர்ந்தன.

கர்நாடக முதல்–மந்திரி சித்தராமையா அந்த இடத்தைப் பார்வையிட்டார். சி.ஐ.டி. விசாரணைக்கு உத்தரவிட்டார். இறந்தவர் குடும்பத்துக்குத் தலா ரூ.5 லட்சம் என்று கர்நாடக அரசு அறிவித்தது. தமிழ்நாட்டு முதல்–அமைச்சர் மு.க.ஸ்டாலின் தலா ரூ.3 லட்சம் அறிவித்தார். கடைக்காரர் கைது செய்யப்பட்டார். கல்யாண ஊர்வலம், அரசியல் ஊர்வலம் ஆகியவற்றில் பட்டாசு வெடிக்கக்கூடாது என்று சில நாட்களில் கர்நாடகம் தடை போட்டது.

எல்லாம் நடந்தது. போன பிள்ளைகள் மட்டும் திரும்பவில்லை.

ஏன் இந்த ரோட்டில்?

இரண்டு விபத்தும் ஒரே நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் நடந்தன. இது வெறும் தற்செயல் அல்ல.

சிவகாசியில் இருந்து பட்டாசு லாரி லாரியாக வடக்கே போகிறது. பெங்களூரோ பெரிய நகரம். அங்கே உள்ளவர்கள் தீபாவளிக்கு முன்பு காரில் புறப்பட்டு, எல்லைக்கு வந்து பட்டாசு வாங்குகிறார்கள். விலை மலிவு. சரக்கும் நிறைய கிடைக்கும். ஆகவே அத்திப்பள்ளியிலும், எல்லைக்கு இந்தப்புறம் சூசூவாடி, ஓசூர் பகுதிகளிலும் தீபாவளி நேரத்தில் பட்டாசு வியாபாரம் அமோகமாக நடக்கிறது.

பட்டாசு மட்டுமா? ஓசூர் ஒரு காலத்தில் சிறிய ஊர். குளிர்ந்த காற்றும், ரோஜாத் தோட்டமும், காய்கறியும்தான் அதன் பெருமை. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. மோட்டார் தொழிற்சாலைகள் வந்தன. கைக்கடிகாரம் செய்யும் தொழிற்சாலை வந்தது. பெரிய ஆலைகளுக்கு நட்டு, போல்ட்டு, ரப்பர், பெயிண்டு செய்து தரும் சின்னப் பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004ல். ஓசூர் நகராட்சி 2019ல் மாநகராட்சி ஆயிற்று.

ஊர் வேகமாக வளரும்போது என்ன நடக்கும்? வீட்டுக்குப் பக்கத்தில் பட்டறை வரும். பட்டறைக்குப் பக்கத்தில் கிடங்கு வரும். கிடங்குக்கு மேல் மாடியில், வெளியூர்த் தொழிலாளர்கள் பத்துப் பேர் ஒரே அறையில் தங்குவார்கள். கீழே என்ன பெட்டி அடுக்கி இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. கேட்டாலும் யாரும் சொல்வது இல்லை.

இங்கேதான் நகராட்சிச் சட்டம் வருகிறது.

சட்டம் யாருக்காக?

‘என் இடம், என் பணம், நான் கட்டுகிறேன். சர்க்காருக்கு என்ன வந்தது?’ என்று பலர் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வி மிகப் பழையது. பதிலும் பழையதுதான்.

ஏறக்குறைய 3,700 ஆண்டுகளுக்கு முன்பு, பாபிலோன் நாட்டை ஹமுராபி என்ற அரசன் ஆண்டான். அவன் சட்டங்களைக் கல்லில் வெட்டி வைத்தான். ‘கொத்தனார் கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரன் செத்தால், கொத்தனாருக்கு மரண தண்டனை’ என்பது அவற்றில் ஒன்று. கொடுமையான சட்டம்தான். ஆனாலும், கட்டடம் என்பது இன்னொருவனுடைய உயிர் என்ற உண்மை அன்றே தெரிந்து இருந்தது.

1666ம் ஆண்டு செப்டம்பர் 2ந் தேதி லண்டனில் ஒரு ரொட்டிக் கடையில் தீப்பிடித்தது. கடை ஒன்று. ஆனால் எரிந்த வீடுகள் சுமார் 13 ஆயிரம்! நான்கு நாள் ஊர் எரிந்தது. காரணம் என்ன? எல்லாம் மர வீடுகள். இடைவெளி இல்லாமல் நெருக்கிக் கட்டி இருந்தார்கள். அடுத்த ஆண்டே சட்டம் போட்டார்கள். ‘இனிமேல் வீடுகளைச் செங்கல்லால் அல்லது கல்லால்தான் கட்ட வேண்டும். இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள சுவர் இத்தனை கனம் இருக்க வேண்டும்’ என்று அந்தச் சட்டம் சொல்லிற்று.

ரொட்டிக்காரர் தன் இடத்தில்தான் அடுப்பு வைத்தார். ஆனால் தீ அவர் வீட்டோடு நிற்கவில்லை. தீக்குப் பத்திரம் தெரியாது; பட்டா தெரியாது; எல்லைக்கல் தெரியாது. ஆகவேதான் ஒருவர் இடத்தில் என்ன வைக்கலாம், எப்படி வைக்கலாம் என்பதில் ஊருக்கும் உரிமை உண்டு.

பட்டாசுக் கடை எப்படி இருக்க வேண்டும்?

பட்டாசு, வெடிபொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. இது 1884ம் ஆண்டு வந்த சட்டம். இப்போது உள்ள விதிகள் 2008ல் வகுக்கப்பட்டவை. அந்த விதிகள் சொல்வது என்ன? படித்தவர், படிக்காதவர் யாருக்கும் புரியக்கூடிய விஷயங்கள்தான்.

நிரந்தரக் கடையைச் செங்கல், கல் அல்லது கான்கிரீட்டில் கட்டி இருக்க வேண்டும்.

கடை தரைத் தளத்தில்தான் இருக்க வேண்டும். பூமிக்கு அடியில் உள்ள அறையில் கூடாது. குடி இருக்கும் மாடிக்குக் கீழே கூடாது. மாடிப்படிக்கு அடியிலோ பக்கத்திலோ கூடாது.

கட்டடத்தின் மற்றப் பகுதியோடு சேராமல், கனமான சுவரால் பிரித்து இருக்க வேண்டும். கடைக்குத் தனி வாசல் வேண்டும்.

கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும்.

கடையின் பரப்பு 9 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது. 25 சதுர மீட்டருக்கு மேல் போகவும் கூடாது.

தீபாவளிக்குப் போடும் தற்காலிகக் கடை என்றால், ஒரு கடைக்கும் மறு கடைக்கும் 3 மீட்டர் இடைவெளி வேண்டும். கடைகள் எதிர் எதிராக இருக்கக்கூடாது.

கதவு ஏன் வெளிப்புறம் திறக்க வேண்டும்? தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் முட்டி மோதிக் கதவுக்கு ஓடுவார்கள். கதவு உட்புறமாகத் திறந்தால், பின்னால் வருகிறவர்கள் முன்னால் நிற்கிறவரைக் கதவோடு சேர்த்து நெருக்குவார்கள். கதவைத் திறக்கவே முடியாது. வெளிப்புறமாகத் திறந்தால், தள்ளிய வேகத்தில் திறந்துவிடும். ஒரு கீலை மாற்றி அடித்தால் பத்து உயிர் பிழைக்கும்.

பரப்புக்கு ஏன் அளவு? இடம் பெரிதாக இருந்தால் சரக்கும் பெருகும். பட்டாசு, மரமோ துணியோ போல எரிவது இல்லை. எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தரும் உப்பும் மருந்திலேயே கலந்து இருக்கிறது. ஆகவே போர்வையைப் போட்டு மூடினாலும் அது அணையாது. கதவைச் சாத்தி வைத்தாலும் அணையாது. ஒரு பெட்டி பற்றினால் அடுத்த பெட்டி பற்றும். சரக்கு குறைவாக இருப்பது ஒன்றுதான் உண்மையான பாதுகாப்பு.

நாலு ஆபீசு, நாலு காகிதம்

சட்டம் இல்லாமலா இந்த விபத்துகள் நடந்தன? இல்லை. சட்டம் நிறைய இருக்கிறது. அதுவே ஒரு சங்கடம்.

கட்டடம் கட்ட பிளான் அனுமதி தருவது மாநகராட்சி அல்லது நகராட்சி. கிராமம் என்றால் ஊராட்சி. வியாபாரம் செய்ய லைசென்சு தருவதும் அவர்கள்தான். தீயணைப்புக்கு ஏற்பாடு சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சான்று தருவது தீயணைப்புத் துறை. பட்டாசு விற்க லைசென்சு தருவது, சரக்கு கொஞ்சமாக இருந்தால் மாவட்ட நிர்வாகம். அதிகமாக இருந்தால், நாகபுரியைத் தலைமை இடமாகக் கொண்ட மத்திய வெடிபொருள் துறை. தொழிற்சாலை என்றால், அதைப் பார்க்கத் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம் என்று தனித் துறை இருக்கிறது.

ஒவ்வொரு ஆபீசும் ஒரு பக்கத்தைப் பார்க்கிறது. முழுப் புத்தகத்தையும் பார்ப்பது யார்?

ஒருவர் கடை கட்ட பிளான் வாங்குகிறார். பிளானில் ‘கடை’ என்றுதான் இருக்கிறது. துணிக்கடையா, வெடிக்கடையா என்று அதில் இல்லை. கட்டி முடித்து வாடகைக்கு விடுகிறார். வந்தவர் பின்புறம் ஒரு தகரக் கொட்டகை போட்டுச் சரக்கு அடுக்குகிறார். கொட்டகை பிளானில் இல்லை. சரக்கு லைசென்சில் இல்லை. லைசென்சு கொடுத்த நாளில் அதிகாரி வந்து பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. தீபாவளிக்கு முந்திய மாதம்தான் சரக்கு நிரம்பி வழிகிறது. அந்த மாதத்தில் வந்து பார்த்தால்தானே உண்மை தெரியும்?

எல்லை ஊர்களில் இன்னொரு சிக்கல். ரோடு ஒன்று. வாங்குகிறவர் ஒருவர். ஆனால் இந்தப்புறம் ஒரு மாநிலம். அந்தப்புறம் ஒரு மாநிலம். சரக்கு தமிழ்நாட்டில் இருந்து போகிறது. வேலை செய்கிறவர் தமிழ்நாட்டுக்காரர். விபத்து நடந்த இடமோ கர்நாடகம். ஒரு கிடங்கில் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு மறுபக்க அதிகாரிக்குத் தெரியாது. ஒருபுறம் கெடுபிடி செய்தால், சரக்கு மறுபுறம் போய் உட்கார்ந்து கொள்ளும். இரண்டு மாவட்ட அதிகாரிகளும் தீபாவளிக்கு முன்பு சேர்ந்து உட்கார்ந்து, லாரிக் கணக்கையும் கிடங்குக் கணக்கையும் ஒத்துப் பார்த்தால் ஒழிய, இந்த ஓட்டை அடைபடாது.

சமையல் வாயுவும் சாமானியம் அல்ல

கிருஷ்ணகிரி விபத்துக்கு, பக்கத்து ஓட்டலில் சமையல் வாயு சிலிண்டர் கசிந்ததுதான் காரணம் என்று முதலில் அதிகாரிகள் தரப்பில் சொல்லப்பட்டது. அது சரியா என்று சர்ச்சையும் கிளம்பிற்று.

அந்தச் சர்ச்சை எப்படியும் இருக்கட்டும். அடுப்பு எரிகிற ஓட்டலும், பட்டாசுக் கிடங்கும் ஒரு சுவரை ஒட்டி இருந்தன என்பதில் சர்ச்சை இல்லை. தீ எந்தப் பக்கத்தில் இருந்து வந்தால் என்ன? இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததே தவறு.

சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு தவழ்ந்து, பள்ளமான இடத்தில் தங்கும். அதற்கு இயற்கையில் வாசனை இல்லை. கசிவு தெரிய வேண்டும் என்றே கெட்ட வாடையைச் சேர்க்கிறார்கள். வாடை வந்தால் விளக்கு சுவிட்சைப் போடக்கூடாது, அணைக்கவும் கூடாது. சிறு பொறி போதும். ரெகுலேட்டரை மூடிவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வர வேண்டும். 1906 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால், கசிவைக் கவனிக்க ஏற்பாடு உண்டு.

ஓட்டல், டீக்கடை நடத்துகிறவர்களுக்கு ஒரு கணக்கு. சமையல் வாயு மொத்தம் 100 கிலோவுக்கு மேல் வைத்தால் தனி லைசென்சு வேண்டும். வியாபாரச் சிலிண்டர் ஒன்றில் 19 கிலோ வாயு இருக்கும். 5 சிலிண்டர் என்றால் 95 கிலோ. ஆறாவது சிலிண்டர் வந்தால் அளவு தாண்டிவிடும். காலியானதும், நிரம்பியதும் கலந்து எட்டு, பத்து என்று சந்தில் நிறுத்தி வைக்கும் கடைகள் எத்தனை!

செத்த பிறகு வந்த ஞானம்

தமிழ்நாட்டில் எந்தத் தாயும் மறக்காத நாள் ஒன்று உண்டு. 2004 ஜூலை 16. கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தில் தீப்பிடித்து 94 பிஞ்சுக் குழந்தைகள் கருகினார்கள்.

ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்தன. மாடி வகுப்புக்குக் கூரை வேய்ந்து இருந்தார்கள். சத்துணவு சமைத்த இடத்தில் தீப்பிடித்துக் கூரைக்குத் தாவியது. ஏறி இறங்கக் குறுகலான படிக்கட்டு. குழந்தைகள் எங்கே ஓடுவார்கள்?

அதன் பிறகு நீதிபதி சம்பத் கமிஷன் விசாரித்தது. பள்ளிக்கூடங்களில் கூரைக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. 2014 ஜூலையில் தஞ்சாவூர் கோர்ட்டு 10 பேருக்குத் தண்டனை கொடுத்தது. 10 ஆண்டு கழித்து வந்த தீர்ப்பு.

கூரையில் தீப்பிடிக்கும் என்பது 2004க்கு முன்பு யாருக்கும் தெரியாதா? அடுப்பு ஊதும் பாட்டிக்குக்கூடத் தெரியும். தெரிந்த ஒன்றைச் செய்ய 94 குழந்தைகளின் உயிர் விலையாகக் கொடுக்கப்பட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

முன்கூட்டி விழித்தால்?

விழித்துக் கொண்ட கதையும் ஒன்று உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2020 ஆகஸ்டு 4ந் தேதி லெபனான் நாட்டுத் தலைநகர் பெய்ரூட்டில் துறைமுகக் கிடங்கு வெடித்தது. 200 பேருக்கு மேல் செத்தார்கள். பாதி ஊர் நொறுங்கியது. அந்தக் கிடங்கில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் பல ஆண்டுகளாகக் கிடந்தது. ‘இதை எடுங்கள்’ என்று சுங்க அதிகாரிகள் பல முறை கடிதம் எழுதி இருந்தார்கள். கடிதம் கோப்பில் இருந்தது. சரக்கு கிடங்கில் இருந்தது.

அந்தச் செய்தி வந்ததும் சென்னையில் ஒரு பரபரப்பு. 2015ல் சுங்க இலாகா பறிமுதல் செய்த அதே ரசாயனம், சுமார் 700 டன், மணலியில் ஒரு கிடங்கில் இருப்பது தெரிய வந்தது. சுற்றிலும் மக்கள் வாழும் இடம். உடனே ஏலம் விட்டார்கள். சில நாட்களிலேயே கண்டெய்னர் லாரிகளில் ஏற்றி ஐதராபாத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஐந்து ஆண்டு நகராத சரக்கு ஐந்தாறு நாளில் நகரத் தொடங்கியது எப்படி? சட்டம் மாறவில்லை. அதிகாரி மாறவில்லை. பயம் வந்தது, வேலை நடந்தது. அந்தப் பயம் வர, பெய்ரூட்டில் 200 பேர் சாக வேண்டுமா?

2024 செப்டம்பர் 28ந் தேதி அதிகாலையில், ஓசூர் அருகே உள்ள பெரிய எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில், ரசாயனப் பொருள் வைத்திருந்த பகுதியில் பெரும் தீ ஏற்பட்டது. வேலையில் இருந்த தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஓர் உயிரும் போகவில்லை. அகலமான ரோடும், விசாலமான இடமும், வெளியே போகப் பல வழியும் இருந்தால், தீ பெரிதானாலும் ஆள் தப்பலாம். சந்துக்குள் ஒற்றைக் கதவு வைத்த கிடங்கில் தீ சிறிதானாலும் ஆள் தப்ப முடியாது.

வியாபாரி கட்சியும் கேட்கத்தான் வேண்டும்

‘விதிப்படி நடக்க எங்களுக்கும் ஆசைதான். ஆனால் நாலு ஆபீசுக்கு நடந்தால் செருப்பு தேய்கிறது. வியாபாரம் ஒரு மாதம். லைசென்சுக்கு அலைவது மூன்று மாதம்’ என்று சிறு வியாபாரிகள் சொல்லுகிறார்கள்.

இதிலும் நியாயம் உண்டு. பட்டாசுத் தொழிலை நம்பி சிவகாசிப் பக்கம் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைக்கின்றன. கடையை எல்லாம் மூடிவிட்டால் வியாபாரம் ஒழிந்துவிடாது. ஒளிந்துகொள்ளும். மறைவில் விற்கும் பட்டாசு இன்னும் ஆபத்து.

ஆகவே வழி என்ன? ஊருக்கு வெளியே, வீடுகளை விட்டுத் தள்ளி, பட்டாசுக் கிடங்குக்கு என்றே இடம் ஒதுக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியும், லாரி திரும்ப ரோடும் அங்கே வேண்டும். காய்கறிக்கு மார்க்கெட் கட்டுகிற நகராட்சியால் இதைச் செய்ய முடியாதா? நியாயமான வாடகைக்குக் கிடைத்தால் வியாபாரி ஏன் சந்துக்குள் வருகிறார்?

இன்னொன்று. அனுமதி கொடுப்பதைச் சுலபம் ஆக்கலாம். ஆனால் வந்து பார்ப்பதை விட்டுவிடக் கூடாது. 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் சிறு வீடு கட்டுவோருக்கு ஒரு சலுகை வந்து இருக்கிறது. 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சொந்தக்காரர் தானே உறுதி கொடுத்து உடனே அனுமதி பெறலாம். நல்ல காரியம். அலைச்சல் இல்லை. ஆனால் இதில் ஒரு பொறுப்பும் அடங்கி இருக்கிறது. முன்பு அதிகாரி கையெழுத்துப் போட்டார். இப்போது வீட்டுக்காரர் போடுகிறார். பக்கத்து வீட்டுக்காரன் உயிருக்கு அவர் ஜாமீன் நிற்கிறார் என்று அர்த்தம்.

வாடகைக்கு விடுகிறவர் கவனத்துக்கு

‘கடையை வாடகைக்கு விட்டேன். உள்ளே என்ன வைத்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்?’ என்று கட்டடக்காரர் தப்பிக்கப் பார்ப்பது உண்டு.

தெரிந்துகொள்வது அவர் வேலை. வாடகைச் சீட்டில் என்ன தொழில் என்று எழுதி வாங்க வேண்டும். லைசென்சைக் கேட்டு வாங்கி அதன் நகலை வைத்துக்கொள்ள வேண்டும். மாதம் ஒரு முறை வாடகை வாங்கப் போகும்போது உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். ஆபத்தான நிலையில் உள்ள கட்டடத்தைச் சரி செய்யவோ, இடிக்கவோ நோட்டீசு கொடுக்க நகராட்சிக்கு அதிகாரம் உண்டு. அந்த நோட்டீசு கட்டடக்காரர் பெயருக்குத்தான் வரும்.

குடும்பத்தார் என்ன செய்யலாம்?

புது வீட்டுக்குக் குடி போகும்போது தண்ணீர் வருகிறதா, பஸ் வருகிறதா என்று கேட்கிறார்கள். கூடவே மூன்று கேள்வி கேட்க வேண்டும்.

ஒன்று: கீழே உள்ள கடையில், பக்கத்துக் கொட்டகையில் என்ன வைத்து இருக்கிறார்கள்?

இரண்டு: ராத்திரியில் தீப்பிடித்தால் வெளியே போக எத்தனை வழி?

மூன்று: தீயணைப்பு வண்டி தெருவுக்குள் வர முடியுமா?

சந்தேகம் இருந்தால் நகராட்சிக்கும், தாசில்தாருக்கும், கலெக்டருக்கும் மனு கொடுக்கலாம். திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிறார்கள். ‘இந்தக் கிடங்குக்கு லைசென்சு உண்டா? எவ்வளவு சரக்கு வைக்கலாம்? கடைசியாகப் பார்வையிட்டது எப்போது?’ என்று 2005ம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்கலாம். கட்டணம் ரூ.10தான். தீ என்றால் 101 அல்லது 112க்கு டெலிபோன் செய்யலாம்.

தெருவில் ஒருவராகப் போய் மனு கொடுக்கப் பயமாக இருக்கும். பத்துக் குடும்பம் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் பயம் போய்விடும். பக்கத்துக் கடைக்காரரோடு பகையும் வேண்டாம். முதலில் அவரிடமே சொல்லலாம். வெடித்தால் அவர் பிள்ளைகளுக்கும்தானே ஆபத்து? கிருஷ்ணகிரியில் அதுதானே நடந்தது?

தீபாவளி வேலைக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. என்ன கூலி என்று கேட்பதோடு நிறுத்தக்கூடாது. என்ன வேலை, எந்த இடம், கிடங்குக்கு எத்தனை வாசல் என்று கேட்க வேண்டும். ‘பெட்டி இறக்குகிற வேலைதான்’ என்று பிள்ளை சொல்லலாம். அத்திப்பள்ளியில் அந்தப் பிள்ளைகள் செய்ததும் பெட்டி இறக்குகிற வேலைதான்.

லைசென்சு ஒரு காகிதம். அதில் கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர். பணம் கட்டுகிறவர் ஒருவர். லாபம் பார்க்கிறவர் ஒருவர். அது பொய்யாகிப் போனால், உயிரைக் கொடுப்பவர் மட்டும் வேறு ஒருவர். ஓட்டலில் இட்லி ஊற்றியவர். லாரியில் இருந்து பெட்டி இறக்கியவர். அந்தக் காகிதத்தை அவர்கள் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

அதை அவர்கள் பார்க்கும்படி செய்ய வேண்டும். எவ்வளவு சரக்கு வைக்கலாம், லைசென்சு எந்தத் தேதி வரை, எந்த அதிகாரி கடைசியாக வந்து பார்த்தார் என்று ஒவ்வொரு கிடங்கின் வாசலிலும் பெரிய தமிழ் எழுத்தில், எல்லைக்கு அப்பால் கன்னடத்திலும் சேர்த்து, எழுதிப் போட வேண்டும். பெயிண்டும் பலகையும்தான் செலவு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த யாரும், உள்ளே போகும் முன்பு அதைப் படித்துக் கொள்வார்கள்.